ஒரு படத்துக்கு ஏழு ஃபைல்: எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது?

கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று நீங்களும் பார்த்துக்கொள்ளலாம். கல்யாண வேலைக்கு நிக்கான் கேமராவில் ரா (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல்) எடுக்கிறீர்கள். லைட்ரூம் கிளாசிக்கில் கலர் பார்த்து, முக்கியமான படங்களைப் போட்டோஷாப்பில் ரீடச் செய்து, ஆல்பம் டிசைனருக்கு ஜேபெக் அனுப்புகிறீர்கள். இன்ஸ்டாகிராமுக்கு மட்டும் போனில் ஸ்னாப்சீட் ஆப். ஒரே முகூர்த்தப் படத்துக்கு இப்போது உங்கள் டிஸ்க்கில் ஏழு ஃபைல் கிடக்கிறது: ரா, கேமராவே கொடுத்த ஜேபெக், பெயருக்குப் பின்னால் 'எடிட்' என்று ஒட்டிய டிஃப் (போட்டோஷாப் வேலையைத் தரம் குறையாமல் வைக்கும் ஃபைல்), 'எடிட்-2' என்று இன்னொரு டிஃப், 'ஃபைனல்', 'ஃபைனல் நியூ' என்று இரண்டு ஜேபெக், போனிலிருந்து திரும்பி வந்த சின்னப் படம் ஒன்று. ஃபோல்டர்களுக்கு எப்படிப் பெயர் வைத்தால் இந்தக் குழப்பம் தீரும் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, போன வாரம் எக்ஸ்டர்னல் டிஸ்க்கைக் கழற்றி மாட்டியதிலிருந்து லைட்ரூமில் எல்லா ஃபோல்டரிலும் கேள்விக்குறி வருகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

ஃபோல்டர் பெயருக்கு வருகிறேன். ஆனால் உங்கள் கேள்வியைப் படித்தபோது எனக்குக் கேட்டது இதுதான்: 'இந்த ஏழில் எதை அழித்தால் பின்னால் வருத்தப்பட மாட்டேன்?' அதற்குப் பதில் தெரியாததால்தான் எதையும் அழிக்க மனசு வராமல் டிஸ்க் மேல் டிஸ்க்காக வாங்கிக்கொண்டே போகிறோம். ஒவ்வொரு ஃபைலும் எதிலிருந்து பிறந்தது, தொலைந்தால் மறுபடி உண்டாக்க முடியுமா, இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் பெயர், ஃபோல்டர், பேக்கப் எல்லாம் தானாகவே ஒரு வரிசைக்கு வந்துவிடும்.

நான் ஃபிலிம் காலத்தின் கடைசியில் ஒரு ஸ்டுடியோவில் டார்க்ரூம் வேலைக்குச் சேர்ந்தவன். எங்கள் முதலாளி ஒவ்வொரு நெகட்டிவையும் பட்டர் பேப்பர் உறையில் போட்டு, மேலே ரசீது நம்பர் எழுதி, மர டிராயரில் வருஷவாரியாக அடுக்கியிருப்பார். பத்து வருஷம் கழித்து ஒருவர் பழைய ரசீதோடு வந்து நின்றாலும் ஐந்து நிமிஷத்தில் நெகட்டிவை எடுத்துவிடுவார். ஆனால் அந்தக் காலத்தில் ரீடச் என்பது நெகட்டிவின் மேலேயே கூர் சீவிய பென்சிலால் செய்வது. முகச் சுருக்கம் இருக்கும் இடத்தில் கிராஃபைட் ஏறினால் பிரிண்டில் அந்த இடம் வெளுக்கும். ஏற்றியதை முழுசாக இறக்குவது கஷ்டம். மூலமும் திருத்தமும் ஒரே துண்டு ஃபிலிமில் இருந்தன. டிஜிட்டல் நமக்குக் கொடுத்த பெரிய வசதி அந்த இரண்டையும் பிரித்ததுதான். ஒரிஜினல் மேலேயே 'சேவ்' அழுத்தும் ஒவ்வொரு தடவையும் அந்த வசதியை நாமே தூக்கி எறிகிறோம்.

ஃபைல்களை மூன்று வகையாகப் பார்க்கிறேன். முதல் வகை, ரா. இதில் சந்தேகத்துக்கு இடமில்லை: லைட்ரூம், டார்க்டேபிள், ரா தெரபி, கேப்சர் ஒன் என்று ரா திருத்தும் மென்பொருள்கள் எதுவுமே நிக்கான் ரா ஃபைலில் இருக்கும் படத்தைத் திருத்துவதில்லை. நீங்கள் நகர்த்தும் ஒவ்வொரு ஸ்லைடரும் ஒரு குறிப்பாக வேறு இடத்தில் எழுதப்படுகிறது. லைட்ரூம் அதைத் தன் கேட்டலாகில் எழுதும். கேட்டலாக் என்பது ஒரு தரவுத்தளம், அவ்வளவுதான். படம் அதற்குள் இல்லை. 'இந்தப் படம் இந்த டிஸ்க்கில் இந்த ஃபோல்டரில் இருக்கிறது, அதற்கு இன்னின்ன திருத்தம்' என்ற பதிவு மட்டும் இருக்கிறது. டார்க்டேபிள் தன் தரவுத்தளத்தில் எழுதுவதோடு, ரா ஃபைலுக்குப் பக்கத்தில் எக்ஸ்எம்பி என்ற சின்ன ஃபைலிலும் எழுதி வைக்கும். ரா தெரபிக்குத் தனியாக ஒரு பக்க ஃபைல். கேப்சர் ஒன்னில் செஷன் முறையில் வேலை செய்தால், படம் இருக்கும் ஃபோல்டருக்குள்ளேயே ஒரு துணை ஃபோல்டர் போட்டு அதில் வைத்துக்கொள்ளும்.

இந்தக் குறிப்புதான் நம் ஆட்கள் அதிகம் தொலைக்கிற பொருள். ஒரு கல்யாணத்தின் 80 ஜிபி ராவை இரண்டு டிஸ்க்கில் காப்பி எடுத்து வைப்பார்கள். நான்கு ராத்திரி உட்கார்ந்து செய்த கலர் வேலை முழுக்க இருக்கும் கேட்டலாக் மட்டும் சி டிரைவில் ஒரே பிரதியாக இருக்கும். விண்டோஸ் மறுபடி போடும்போது அது போய்விடும். லைட்ரூம் மூடும்போது கேட்கும் பேக்கப், கேட்டலாகை மட்டும்தான் காப்பி எடுக்கிறது, படத்தை எடுப்பதில்லை. இது நிறைய பேருக்குத் தலைகீழாகப் பதிந்திருக்கிறது. அந்தப் பேக்கப் ஃபோல்டர் வேறு டிஸ்க்கில் இருக்கும்படி ஒருமுறை மாற்றி வைத்துவிடுங்கள். அப்புறம் கேட்டலாக் செட்டிங்ஸில் மாற்றங்களை எக்ஸ்எம்பி-யில் தானாக எழுதும் வசதி ஒன்று இருக்கிறது. முதலில் அது அணைந்த நிலையில்தான் வரும், போட்டுவிடுங்கள். அப்படிச் செய்தால் கேட்டலாக் கெட்டாலும் கலர் வேலை ராவுக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஆனால் எல்லாமே அதில் வந்துவிடாது. விர்ச்சுவல் காப்பி (அதே ராவுக்கு இன்னொரு திருத்தக் குறிப்பு) எக்ஸ்எம்பி-க்குள் போவதில்லை, கலெக்‌ஷனும் (நீங்கள் சேர்த்து வைத்த படத் தொகுப்பு) போவதில்லை. ஒரே படத்துக்குக் கலர் ஒன்று, கறுப்பு வெள்ளை ஒன்று என்று விர்ச்சுவல் காப்பி வைத்திருந்தால் அது கேட்டலாகில் மட்டுமே உயிரோடு இருக்கிறது.

இரண்டாவது வகை, கை வைத்து வேலை செய்த லேயர் ஃபைல், அதாவது திருத்தங்கள் தனித்தனி அடுக்காக இருக்கும் ஃபைல். போட்டோஷாப்பில் ஒரு முகத்தில் அரை மணி நேரம் செலவழித்தால் அந்த அரை மணி நேரம் இருப்பது இந்த டிஃப் அல்லது போட்டோஷாப்பின் சொந்த வடிவமான பிஎஸ்டி-யில்தான். ரா இருந்தாலும் இதை மறுபடி அப்படியே உண்டாக்க முடியாது. ஆகவே இதுவும் மூலத்துக்குச் சமம். கனமான ஃபைல்தான்: 24 மெகாபிக்சல் படத்தை 16 பிட்டில் திறந்தால் லேயர் எதுவும் போடுவதற்கு முன்பே 144 எம்பி கணக்கு வருகிறது, அதாவது 24 மில்லியன் பிக்சல், மூன்று நிறம், நிறத்துக்கு இரண்டு பைட். அதனால் எல்லாப் படத்தையும் போட்டோஷாப்புக்கு அனுப்பாதீர்கள். லைட்ரூமிலேயே முடிகிற வேலைக்கு டிஃப் வேண்டாம். என் அனுபவத்தில் ஒரு கல்யாணத்தில் நாற்பது ஐம்பது படத்துக்கு மேல் போட்டோஷாப் தேவைப்பட்டதில்லை.

மூன்றாவது வகை, வெளியே போகிற ஜேபெக். ஆல்பத்துக்கு, பிரிண்ட்டுக்கு, போனுக்கு. இவை முதல் இரண்டு வகையும் பத்திரமாக இருக்கும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மறுபடி எடுத்துக்கொள்ளக்கூடியவை. இவற்றின் மேல் ஒருபோதும் வேலை செய்யக்கூடாது. ஜேபெக்கைத் திருத்தி மறுபடி ஜேபெக்காகச் சேவ் செய்யும்போது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தரம் இறங்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, சின்ன அளவாக்கியதை அதே பெயரில் சேவ் செய்வது. இதை நானே செய்திருக்கிறேன். ரா எடுக்காமல் ஜேபெக் மட்டும் எடுத்துக்கொண்டிருந்த காலம். மண்டபத்தில் ஸ்லைட் ஷோ ஓட்டுவதற்காக ஒரு ஃபோல்டர் முழுவதையும் 1600 பிக்சலுக்குக் குறைத்து, அதே இடத்தில் அதே பெயரில் எழுதிவிட்டேன். ஆறு வருஷம் கழித்து அந்த வீட்டார் வந்தார்கள். பெண்ணின் தாத்தா தவறிவிட்டார், படத்திறப்புக்கு வைக்க வேறு நல்ல படம் இல்லை, அன்றைக்குப் பந்தியில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த படம் வேண்டும் என்றார்கள். படம் இருந்தது. முகம் மட்டும் அகலத்தில் 150 பிக்சல்கூட வரவில்லை. என்னால் கொடுக்க முடிந்தது ஒரு சின்னப் பிரிண்ட். அந்த அம்மாள் அதையும் கண்ணில் ஒற்றித்தான் வாங்கிக்கொண்டார். அன்றைக்கு முடிவு செய்ததைத்தான் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இனி, லைட்ரூமுக்கும் போட்டோஷாப்புக்கும் நடுவில் இருக்கிற வாசல். உங்கள் குழப்பத்தில் பாதி இங்கேதான் பிறக்கிறது. ராவைத் தேர்ந்தெடுத்துக் கன்ட்ரோல்-இ அழுத்தினால், அதுவரை நீங்கள் லைட்ரூமில் செய்த திருத்தம் எல்லாம் சுட்ட செங்கல் மாதிரி ஒரு புதுப் படத்தில் இறுகிவிடும். போட்டோஷாப்பில் வெறும் கன்ட்ரோல்-எஸ் போட்டு மூடினால் 'எடிட்' என்ற வாலோடு டிஃப் ராவுக்குப் பக்கத்தில் வந்து உட்காரும், லைட்ரூமும் அதைத் தானாகச் சேர்த்துக்கொள்ளும். 'சேவ் அஸ்' போட்டு வேறு பெயர் கொடுத்தால் லைட்ரூமுக்கு அது தெரியாது. டிஸ்க்கில் அநாதையாகக் கிடக்கும். இதற்குப் பிறகு ராவில் ஒயிட் பேலன்ஸ் மாற்றினாலும் டிஃப்பில் அது இறங்காது, இரண்டும் பிரிந்துவிட்டன. நிறம் சரியில்லை என்று தோன்றி மறுபடி ராவையே போட்டோஷாப்புக்கு அனுப்பும்போதுதான் பெரும்பாலும் 'எடிட்-2' பிறக்கிறது. ஆகவே வெளிச்சம், நிறம், லென்ஸ் திருத்தம் எல்லாவற்றையும் லைட்ரூமில் முடித்துவிட்டுத்தான் இந்த வாசலைத் தாண்ட வேண்டும். பின்னால் மனம் மாறலாம் என்று தெரிந்தால் ராவை ஸ்மார்ட் ஆப்ஜெக்டாகத் திறக்கலாம், ராவே அந்த ஃபைலுக்குள் போய்விடும். ஆனால் அதன் மேல் ஹீலிங் (பரு, கறை நீக்குவது) செய்த தனி லேயர் பழைய நிறத்திலேயே நிற்கும். அதனால் ரீடச் வேலைக்கு எனக்கு அது ஒத்துவரவில்லை.

ஏற்கெனவே இருக்கும் டிஃப்பை மறுபடி போட்டோஷாப்பில் திறக்கும்போது லைட்ரூம் மூன்று வழி கேட்கும், அதில் இரண்டைக் கவனியுங்கள். ஒரிஜினலைத் திற என்பதைத் தேர்ந்தெடுத்தால் லேயரோடு அதே ஃபைல் திறக்கும். டிஃப் மேல் லைட்ரூமில் செய்த திருத்தம் மட்டும் அங்கே தெரியாது. லைட்ரூம் திருத்தங்களோடு ஒரு காப்பி என்பதைத் தேர்ந்தெடுத்தால் லேயர் எல்லாம் ஒட்டிப்போய்ப் புது ஃபைல் ஒன்று முளைக்கும். அவசரத்தில் கை போவது இந்த இரண்டாவதுக்குத்தான். லேயர் வேலையைத் தொடர வேண்டுமென்றால் எப்போதும் ஒரிஜினலைத் திறங்கள்.

சரி, ஃபோல்டர். பலரும் ரா, எடிட், ஃபைனல் என்று மூன்று ஃபோல்டர் போடச் சொல்வார்கள். நானும் சில வருஷம் அப்படித்தான் வைத்திருந்தேன். லைட்ரூம் டிஃப்பை ராவுக்குப் பக்கத்திலேதான் வைக்கும், அதை இழுத்து வேறு ஃபோல்டரில் போட்டால் இரண்டையும் ஒரே அடுக்காகக் காட்டும் ஸ்டாக் தொடர்பு அறுந்துவிடும். இந்த மல்லுக்கட்டு வேண்டாம். ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் இரண்டே இரண்டு: ஒன்றில் ராவும் எக்ஸ்எம்பி-யும் லேயர் டிஃப்பும் சேர்ந்தே இருக்கட்டும், இன்னொன்றில் வெளியே போன ஜேபெக்குகள். முதல் ஃபோல்டரில் இருக்கும் எதையும் அழிக்க யோசிக்க வேண்டும், இரண்டாவதில் இருப்பது அனேகமாகத் திரும்ப எடுக்கக்கூடியது. நிகழ்ச்சி ஃபோல்டரின் பெயர் வருஷம், மாதம், தேதி என்ற வரிசையில் தொடங்கட்டும். 12-06-2024 என்று வைத்தால் எல்லா வருஷத்துப் பன்னிரண்டாம் தேதிகளும் ஒன்றாகக் கலந்து நிற்கும். 2024-06-12 என்று வைத்தால் காலவரிசை தானாக வரும். நலங்கு, மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், ரிசப்ஷன் என்று தனித்தனி ஃபோல்டர் நான் போடுவதில்லை, அதைக் கீவேர்டாகப் போட்டுவிடுகிறேன். ஒரு படம் ஒரு ஃபோல்டரில்தான் இருக்க முடியும், கீவேர்டு எத்தனை வேண்டுமானாலும் ஏறும்.

ஃபைல் பெயரில் கவனம் இன்னும் அதிகம் வேண்டும். கேமரா கொடுக்கும் நம்பருக்கு நான்கு இலக்கம்தான், 9999 தாண்டினால் மறுபடி 0001. இரண்டு கேமராவில் கல்யாணத்துக்கு நாலாயிரம் படம் எடுக்கிறவருக்கு ஒரே சீசனில் பல '0412' இருக்கும். இரண்டு கார்டையும் ஒரே ஃபோல்டரில் கொட்டும்போது கம்ப்யூட்டர் 'ரீப்ளேஸ்' கேட்டு, தூக்கக் கலக்கத்தில் 'யெஸ்' அழுத்திவிட்டால் முடிந்தது. அதனால் இம்போர்ட் செய்யும்போதே, வேறு எந்த வேலைக்கும் முன்னால், பெயரை மாற்றிவிடுங்கள்: தேதி, கேமராவுக்கு ஓர் எழுத்து, கடைசியில் கேமரா கொடுத்த அதே நான்கு இலக்கம். பின்னால் பிறக்கும் டிஃப், ஜேபெக் எல்லாமே அந்தப் பெயரைத் தலையில் சுமந்துகொண்டுதான் வர வேண்டும். வால் மட்டும் மாறலாம். வாலில் 'ஃபைனல்' என்ற சொல் வேண்டாம். எதற்காக வெளியே போகிறது என்று எழுதுங்கள்: ஆல்பம், பிரிண்ட், இன்ஸ்டா. வாடிக்கையாளர் பார்த்துத் திருத்தம் சொன்ன இடங்களில் மட்டும் வி1, வி2. லைட்ரூம் எக்ஸ்போர்ட் பிரீசெட்டில் இந்த வாலை ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் கையால் அடிக்க வேண்டியதே இல்லை. ஃபைல் பெயரில் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டும் வைப்பது என் வழக்கம். தமிழில் பெயர் வைக்க எனக்கும் ஆசைதான், ஆனால் சில பிரிண்ட் கடைகளில் அது கட்டம் கட்டமாகத் தெரிந்து படம் மாறிப்போயிருக்கிறது. தமிழ்ப் பெயர்களைக் கேப்ஷனில் எழுதுங்கள். இரண்டு கேமராக்களின் கடிகாரத்தையும் மண்டபத்துக்குள் நுழையும் முன் ஒன்றாக்கிவிடுங்கள். மறந்துவிட்டால் லைட்ரூமில் எடுத்த நேரத்தை மொத்தமாகத் திருத்தலாம்.

வேறு வேறு மென்பொருள்களில் ஒரே ராவைத் திறக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். திறக்கலாம், ஆனால் எது கடந்து போகும், எது போகாது என்று தெரிந்திருக்க வேண்டும். லைட்ரூமும் போட்டோஷாப்புக்குள் இருக்கும் கேமரா ராவும் ஒரே எஞ்சின், அதனால் ஒன்றின் திருத்தத்தை மற்றது எக்ஸ்எம்பி வழியாக அப்படியே படிக்கும். மற்றபடி நட்சத்திரம், கீவேர்டு, கேப்ஷன் போன்றவை பெரும்பாலும் கடந்து போகும். கலர், கான்ட்ராஸ்ட், மாஸ்க் போகாது. ஒவ்வொரு மென்பொருளும் ராவைத் தன் கணக்குப்படி சமைக்கிறது, ஒன்றின் +20 மற்றதின் +20 ஆகாது. எக்ஸ்எம்பி என்று இரண்டும் சொன்னாலும் லைட்ரூம் ரா ஃபைலின் வாலை (பெயரில் புள்ளிக்குப் பின்னால் வருவதை) நீக்கிவிட்டு எக்ஸ்எம்பி வாலைப் போடும், டார்க்டேபிள் ரா வாலோடு சேர்த்துப் போடும். அதனால் ஒரே ராவுக்குப் பக்கத்தில் இரண்டு எக்ஸ்எம்பி கிடக்கலாம், இரண்டும் வேறு வேறு. அடோபின் பிரிட்ஜ் மென்பொருளில் ஒரு திருத்தம், லைட்ரூமில் ஒரு திருத்தம் என்று செய்தால், இரண்டு பக்கமும் மாறியிருக்கிறது, எதை வைத்துக்கொள்ள என்று லைட்ரூம் கேட்கும். தவறான பதில் ஒரு நாள் வேலையை அழித்துவிடும். நான் கடைப்பிடிப்பது ஒரு நிகழ்ச்சிக்கு ஒரே ரா மென்பொருள். இன்னொன்றில் ஒரு குறிப்பிட்ட படம் நன்றாக வருகிறதென்றால் அங்கிருந்து 16 பிட் டிஃப்பாக எடுத்து, இரண்டாவது வகை ஃபைலாக முதல் ஃபோல்டரில் வைத்துவிடுவேன்.

ஆல்பம் டிசைனர் பக்கம் ஒரு ஓட்டை இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. 12க்கு 36 இஞ்ச் ஷீட் என்றால் 300 டிபிஐ-யில் (இஞ்ச்சுக்கு 300 புள்ளி) 10,800க்கு 3,600 பிக்சல். நீங்கள் அனுப்பிய ஜேபெக்கை அதில் ஒட்டிய பிறகு டிசைனர் அங்கேயே தோலைச் சுத்தம் செய்வார், கண் மூடிய முகத்துக்கு வேறு படத்திலிருந்து தலை மாற்றுவார், கலர் ஏற்றுவார். கடைசியில் அந்தப் படத்தின் சிறந்த வடிவம் உங்களிடம் இருக்காது, ஆல்பம் பிஎஸ்டி-க்குள், அதுவும் வெட்டப்பட்டு, சுருங்கி, பார்டரோடு இருக்கும். அதே படத்தைப் பெரிய ஃபிரேமுக்குக் கேட்டால் எல்லா வேலையும் மறுபடி. முகத்தில் செய்யும் வேலை லேயர் டிஃப்பில் மட்டும்தான் நடக்க வேண்டும், ஷீட்டில் இடம் பொருத்துவது மட்டும் நடக்கட்டும் என்று டிசைனரிடம் பேசி வைத்துவிடுங்கள். குறை தெரிந்தால் அவர் நம்பரைச் சொல்லட்டும், நீங்கள் திருத்தி அதே பெயரில் ஆல்பம் ஜேபெக்கைப் புதுப்பித்து அனுப்புங்கள்.

வாடிக்கையாளர் படம் தேர்ந்தெடுத்து அனுப்புவதிலும் இதே சிக்கல். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்கி, எடுத்த நேரம் முதலிய விவரங்கள் போய், பெயரும் மாறிவிடும். மாப்பிள்ளையின் அக்கா அனுப்பும் இருபது ஸ்கிரீன்ஷாட்டுக்கு ஒரிஜினல் தேடி ஒரு நாள் போகும். லைட்ரூமின் பிரிண்ட் மாட்யூலில் ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஃபைல் பெயரை அச்சிட்டு ஜேபெக்காக எடுக்கும் வசதி இருக்கிறது. தேர்வுக்கு அனுப்பும் படங்களை அப்படி எடுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலும் நம்பர் கூடவே வரும்.

இப்போது உங்கள் ஏழு ஃபைல். முதலில் எதையும் அழிக்காமல் எல்லாவற்றையும் ஒரு டிஸ்க்கில் காப்பி எடுத்துவிடுங்கள். பெயரை நம்பாமல், எடுத்த நேரப்படி வரிசைப்படுத்துங்கள். லைட்ரூம் வழியாகப் பிறந்த ஃபைல்களில் ராவின் நேரமே இருக்கும், அதனால் ஒரு குடும்பம் ஒன்றாக வந்து நிற்கும். நேரம் இல்லாமல் தனித்து நிற்பவை பெரும்பாலும் வெப்புக்காகச் சுருக்கியவையும் வாட்ஸ்அப்பில் போய் வந்தவையும். ரா இருக்கட்டும். கேமரா ஜேபெக் வேண்டாம், ராவுக்கு இரண்டு காப்பி இருப்பதை உறுதி செய்துவிட்டு அழிக்கலாம். நிக்கான் ரா ஃபைலுக்குள்ளேயே ஒரு ஜேபெக் முன்தோற்றம் இருக்கிறது. இரண்டு டிஃப்பையும் போட்டோஷாப்பில் திறந்து லேயரைப் பாருங்கள். ஒன்றில் லேயர் இருந்து, மற்றது ஒட்டிப்போயிருந்தால் லேயர் உள்ளதை வையுங்கள். இரண்டிலும் வெவ்வேறு வேலை இருந்தால், ஒன்றின் மேல் மற்றதை லேயராக ஏற்றி ஒரே ஃபைலாக்குங்கள். ஒரே ராவிலிருந்து கிராப் மாறாமல் வந்தவை என்றால் பிக்சலுக்குப் பிக்சல் பொருந்தும். 'ஃபைனல்' இரண்டில் எது வாடிக்கையாளருக்குப் போனது என்று அனுப்பிய மெயிலிலோ பென் டிரைவிலோ பார்த்து, அதை மட்டும் வையுங்கள். போன் படத்தை அழித்துவிடலாம், அந்தத் தோற்றம் ரொம்பப் பிடித்திருந்தால் மட்டும் வெளியீட்டு ஃபோல்டரில் கிடக்கட்டும்.

இதுவரை சொன்னது எல்லாம் உறுதியாகச் சொல்லக்கூடியவை. இனி வருவது என் முடிவுகள், வேறு அனுபவமுள்ளவர் வேறு மாதிரி சொல்லலாம். ராவை டிஎன்ஜி என்ற பொது ரா வடிவத்துக்கு மாற்றுவதா? 2004-ல் அடோப் அதைக் கொண்டுவந்தது. எல்லா மென்பொருளும் படிக்கட்டும் என்ற நோக்கம் நல்லது. நான் மாற்றுவதில்லை. கேமரா எழுதியதை அப்படியே வைத்திருப்பதில்தான் எனக்கு நிம்மதி. திருத்தத்தை டிஎன்ஜி ஃபைலுக்குள்ளேயே எழுதும் வசதியால், ஒரு ஸ்லைடரை நகர்த்தினாலும் முழு ஃபைலையும் மறுபடி பேக்கப் எடுக்க வேண்டியிருக்கும். படத்தில் இருக்கும் புள்ளி இரைச்சலை நீக்கும் ஏஐ டீநாய்ஸ் விஷயம் இன்னும் சிக்கல். 2023-ல் லைட்ரூமில் வந்த புதிதில் அது ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தனி டிஎன்ஜி உண்டாக்கியது. பட்டன் அழுத்தினால் மறுபடி வரக்கூடியதுதான், அதனால் மூன்றாவது வகையில் சேர்க்கலாமே என்று தோன்றும். ஆனால் மென்பொருள் புதுப்பித்த பிறகு அதே படம் அதே மாதிரி வரும் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன். வாடிக்கையாளருக்குக் கொடுத்த படம் அதிலிருந்து பிறந்திருந்தால் அந்த டிஎன்ஜி-யை வைத்துக்கொள்கிறேன். கண் மூடிய, அசைந்துபோன ராக்களை ஆல்பம் கொடுத்து ஒரு வருஷம் கழித்து அழிக்கிறேன். வயதானவர்கள் இருக்கும் படத்தை மட்டும் எவ்வளவு சுமாராக இருந்தாலும் அழிப்பதில்லை.

ஜேபெக் திரும்ப எடுக்கக்கூடியது என்று சொன்னதற்கு ஒரு விலக்கு. குறிப்பைப் படிக்கும் மென்பொருளே செத்துப்போனால்? நடந்திருக்கிறது. ஆப்பிளின் அப்பெர்ச்சர் என்ற படத் திருத்த மென்பொருள் 2014-ல் கைவிடப்படுவதாக அறிவிக்கப்பட்டது, 2019-ல் வந்த மேக் இயங்குதளமான கேட்டலினாவில் அது ஓடவே இல்லை. நம்மில் பாதிப் பேர் பழகிய கூகுளின் பிக்காசா 2016-ல் நின்றது. ராவும் இருந்தது, திருத்தமும் ஏதோ ஒரு ஃபைலில் இருந்தது, படிக்கத்தான் ஆளில்லை. அதனால் வாடிக்கையாளருக்குக் கொடுத்த முழு அளவு ஜேபெக் தொகுப்பு ஒன்றை நிரந்தரமாக வைத்திருக்கிறேன். அதில் வேலை செய்வதில்லை, அது ஒரு சாட்சி. லைட்ரூம் சந்தா நின்றாலும் கேட்டலாகைத் திறந்து எக்ஸ்போர்ட் செய்ய முடியும், திருத்தம் செய்யும் டெவலப் மாட்யூலும் மேப் மாட்யூலும் பூட்டிவிடும், அவ்வளவுதான் என்பதால் அங்கே உடனடிப் பயம் இல்லை.

பேக்கப்புக்கு பீட்டர் க்ரோ என்ற புகைப்படக்காரர் பரப்பிய 3-2-1 முறை போதும்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். அந்தக் கடைசி ஒன்றைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தரைத்தளத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த நண்பரிடம் இரண்டு காப்பி இருந்தது, இரண்டும் ஒரே அலமாரியில் இருந்தன. ஒரு டிஸ்க்கை உங்கள் மாமியார் வீட்டில் வையுங்கள், மாதம் ஒருமுறை மாற்றுங்கள். கூகுள் டிரைவ் மாதிரி தானாக ஒத்திசையும் ஃபோல்டரை மட்டும் பேக்கப்பாக எண்ணாதீர்கள். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும்.

கடைசியாக அந்தக் கேள்விக்குறிகள். படங்கள் எங்கும் போகவில்லை. டிஸ்க்கைக் கழற்றி மாட்டியபோது விண்டோஸ் அதற்கு வேறு எழுத்து கொடுத்திருக்கும், இ டிரைவ் எஃப் ஆகியிருக்கும். லைட்ரூம் இன்னும் இ-யில் தேடிக்கொண்டிருக்கிறது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் பழைய எழுத்தையே திரும்பக் கொடுங்கள், எல்லாக் கேள்விக்குறியும் ஒன்றாக மறையும். அந்த எழுத்தை வேறு டிஸ்க் பிடித்திருந்தால், லைட்ரூமில் மேல் ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து 'ஃபைண்ட் மிஸ்ஸிங் ஃபோல்டர்' வழியாகப் புது இடத்தைக் காட்டுங்கள், உள்ளே இருப்பவை தொடர்ந்து வந்துவிடும். கேள்விக்குறி வந்த ஃபோல்டரை ரிமூவ் செய்துவிட்டு மறுபடி இம்போர்ட் மட்டும் செய்யாதீர்கள். நீங்கள் எக்ஸ்எம்பி எழுதும் வசதியை இன்னும் போட்டிருக்கவில்லை என்றால் இதுவரை செய்த கலர் வேலை முழுக்கப் போய்விடும், போட்டிருந்தாலும் விர்ச்சுவல் காப்பிகள் வராது. இரண்டு வழியிலும் சரியாகவில்லையென்றால் எதையும் தொடாமல், கேட்டலாகை ஒரு காப்பி எடுத்து வைத்துவிட்டு, ஃபோல்டர் பேனலின் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.